இலங்கைக்குப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு

"இன்னா சார், சிலோனுக்கெல்லாம் போயிட்டு வந்தீங்களாமே, பயமா இல்லையா?"

காலை நடைக்கு இஸ்லாமியா கல்லூரிப் பக்கம் போகும்போதெல்லாம் யாராவது ஒருவர் என்னை நிறுத்தி இதைக் கேட்கிறார். நாங்கள் போய் வந்து ஒரு வருடம் ஆகிறது. 2025 பிப்ரவரியில், நானும் என் மனைவியும், என் நெடுநாள் நண்பர் பாயும் அவர் மனைவியும் என நான்கு பேர், எட்டு நாள் போய் வந்தோம். நால்வருக்கும் வயது அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. நடைபாதையில் நின்றுகொண்டு எல்லாருக்கும் பாதி பதில் சொல்வதைவிட, இங்கே முழுதாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

பயம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாங்கள் பயந்த எதுவும் அங்கே நடக்கவில்லை. நடந்த சில சங்கடங்களோ எங்கள் பயத்தின் பட்டியலிலேயே இல்லை. நான் சொல்ல வந்தது இதைத்தான்.

நம் வயதுக்காரர்கள் மனதில் இலங்கை எப்படிப் பதிந்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். 1983 ஜூலைக் கலவரம். 1987இல் நம் அமைதிப்படை போனது. 1991 மே 21 ஸ்ரீபெரும்புதூர். 1995 ஆகஸ்டில் நம் வேலூர்க் கோட்டைக்குள் அடைத்து வைத்திருந்த புலிகள் 43 பேர் சுரங்கம் தோண்டித் தப்பினார்கள். அப்போது ஊரெங்கும் அதே பேச்சு. பிறகு 2009 மே மாதம். அதற்கப்புறம் 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 260 பேருக்கு மேல் செத்தார்கள். 2022இல் பெட்ரோலுக்கு வரிசை, அதிபர் மாளிகைக்குள் ஜனங்கள். இத்தனையையும் வரிசையாகப் பார்த்த ஒருவன் பயப்படாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

பாய்க்கு வேறு கணக்கு. "சார், உங்களுக்கு எண்பத்து மூணு, ரெண்டாயிரத்து ஒம்பது. எனக்கு தொண்ணூறு, ரெண்டாயிரத்துப் பத்தொம்பது" என்றார். 1990 அக்டோபர் கடைசியில் வடக்கிலிருந்த முஸ்லிம்கள் அனைவரையும் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் அவர்களுக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். 2019இல் ஈஸ்டர் குண்டுவெடிப்புக்கு அடுத்த மாதம் இலங்கையின் வடமேற்குப் பக்கம் பள்ளிவாசல்களும் முஸ்லிம் கடைகளும் தாக்கப்பட்டன. தாடியும் தொப்பியுமாக அங்கே போய் நின்றால் எப்படிப் பார்ப்பார்களோ என்பது அவர் கவலை. எனக்கு அந்தக் கவலை வந்ததே இல்லை. ஒரே நாட்டைப் பற்றி, பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேருக்கு இரண்டு விதமான பயம்.

எங்கள் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். "ஏம்பா, ஏலகிரி பக்கத்துலயே இருக்கு, ஊட்டி இருக்கு, அங்க போங்களேன்" என்றான் பெங்களூரிலிருந்து என் மகன்.

ஒரு நாட்டுக்குக் கெட்ட பெயர் வந்தால், அந்தப் பெயர் அதன் மிக மோசமான நாளோடு ஒட்டிக்கொள்கிறது. அந்த நாள் போன பிறகும் பெயர் போவதில்லை. இது நமக்குப் புதிதா? பாலாற்றுத் தோல் கழிவு வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதற்கு முன்னும் பின்னும் வந்த செய்திகளைப் படித்தவர்களுக்கு வாணியம்பாடி, ஆம்பூர் என்றாலே நாற்றமும் நஞ்சும்தான் நினைவுக்கு வரும். என் மகள் கல்யாணத்துக்கு வந்த சம்பந்தி வீட்டார் தண்ணீரைக் கூட கேன் கேனாகக் கொண்டுவந்தார்கள். செய்தியில் வந்தது பொய்யில்லை. ஆனால் அந்தச் செய்திக்குள் நம் வீடுகள் இல்லை, நம் பிரியாணி இல்லை, நாம் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் இலங்கைக்குப் போகப் பயப்படுகிறோம். இலங்கை அரசு தன் ஜனங்களைத் தமிழ்நாட்டுக்குப் போகாதீர்கள் என்று எச்சரித்த காலமும் உண்டு. 2012 செப்டம்பரில் பூண்டி மாதா கோயிலுக்கும் வேளாங்கண்ணிக்கும் வந்த யாத்திரிகர்களுக்கு இங்கே எதிர்ப்புக் கிளம்பியது. திரும்பிப் போகும்போது அவர்களுடைய பேருந்துகள் தாக்கப்பட்டன. மறு அறிவிப்பு வரும் வரை தமிழ்நாட்டுப் பயணம் வேண்டாம் என்று அந்த நாட்டு வெளியுறவு அமைச்சகம் அறிவித்தது. அடுத்த மார்ச்சில் தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு புத்த பிக்குவை அடித்தார்கள். அந்த நாட்களில் நீங்களும் நானும் வழக்கம்போல மார்க்கெட்டுக்குப் போனோம், காய்கறி வாங்கினோம். நாம் ஆபத்தான இடத்தில் வாழ்கிறோம் என்று நமக்குத் தெரியவே இல்லை.

அதற்காக, பயப்படாமல் கண்ணை மூடிக்கொண்டு போங்கள் என்று நான் சொல்லவில்லை. 2019 மே மாதத்திலோ 2022 ஜூலையிலோ யாராவது என்னைக் கேட்டிருந்தால், வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். "அந்த நாடு பாதுகாப்பானதா?" என்ற கேள்வியே சரியில்லை என்பது என் கட்சி. எந்த மாவட்டம், எந்த மாதம், எந்த வழி, எந்த வயது என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் பதில் கிடைக்கும். பதில் தெரிந்தால் பயம் பாதியாகிவிடும்.

முதலில் மாதம். வடக்கிலும் கிழக்கிலும் மழை நமக்குப் போலவே ஐப்பசி, கார்த்திகையில்தான். கொழும்பு, காலிப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஒரே தீவில் இரண்டு மழைக்காலம். யாழ்ப்பாணத்துக்குத் தை, மாசி உத்தமம். போன நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து மலையகத்தில் மண் சரிந்து நூற்றுக்கணக்கானோர் இறந்ததைப் படித்திருப்பீர்கள். கண்டி, நுவரெலியா, பதுளைப் பக்கம் போக நினைப்பவர்கள், எந்தச் சாலை, எந்த ரயில் ஓடுகிறது என்று கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும். இன்றைய தேதிக்கு, பழைய யுத்தத்தைவிடப் புதிதாகச் சரிந்த மண் நம் கவனத்தில் இருக்க வேண்டும்.

அடுத்து, யாரைக் கேட்பது. டி.வி.யைக் கேட்காதீர்கள். கடந்த இரண்டு மூன்று மாதத்துக்குள் போய் வந்தவரைக் கேளுங்கள். அங்கேயே வாழ்பவரைக் கேளுங்கள். எங்கள் வீட்டுக்கு வெள்ளையடிக்க வரும் பெயின்டர் ஒருவர் மறுவாழ்வு முகாமில் இருக்கிறார். சின்னப் பையனாக மன்னாரிலிருந்து படகில் வந்தவர். அவர் அக்கா குடும்பம் இன்னும் அங்கேதான். அவர் இரண்டே விஷயம் சொன்னார். "நைட்ல வண்டியில போகாதீங்க சார். ரோட்ட விட்டுக் காட்டுப் பக்கம் எறங்காதீங்க." வேறு யாரும் இதைச் சொல்லவில்லை. வடக்கில் முகமாலை போன்ற இடங்களில் கண்ணிவெடி அகற்றும் வேலை யுத்தம் முடிந்து பதினைந்து வருடம் கழிந்தும் நடந்தது. எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் ஒதுங்குவதற்காகக் கூட இறங்கக் கூடாது. ஏ-9 சாலையில் வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு வழியாகப் போகும்போது சாலையிலேயே இருந்தால் எந்தச் சிக்கலும் இல்லை. இருட்டினால் மாடுகள் குறுக்கே வரும். ஹபரணைப் பக்கம் யானையே வரும்.

மூன்றாவது, காகிதங்கள். இந்தியர்களுக்கு ஈ.டி.ஏ. எனும் மின்னணுப் பயண அனுமதி வேண்டும். கட்டண விதிகள் அடிக்கடி மாறுகின்றன; அவர்கள் அரசுத் தளத்தில் மட்டும் பாருங்கள். அதே போலத் தோற்றம் காட்டும் போலித் தளங்கள் உண்டு. நான் அவசரப்பட்டு ஒரு ஏஜெண்ட்டிடம் விட்டேன். அவர் ஏதோ ஒரு தளத்தில் போட்டு, தேவையில்லாமல் ஒரு தொகையைக் கறந்துவிட்டார். பிறகு பாய் தன் பேரனை வைத்து வீட்டிலேயே பத்து நிமிடத்தில் முடித்தார். பயண இன்சூரன்ஸ் எடுக்கும்போது சர்க்கரை, பிரஷர், ஸ்டென்ட் எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் பிரீமியம் குறையும், பிறகு கிளெய்ம் கிடைக்காது.

நான்காவது, உடம்பு. நம் வயதில் இதுதான் உண்மையான ஆபத்து. மாத்திரைகளை இரண்டு பங்காக்கி, ஒன்று கைப்பையில், ஒன்று பெட்டியில். கூடவே டாக்டர் சீட்டு. மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் இலங்கைக்குச் சான்று தந்தது. ஆனால் டெங்கு உண்டு, எனவே கொசு களிம்பு தேவை. அங்கே 1990 என்று அழைத்தால் இலவச ஆம்புலன்ஸ் வரும். நம் 108 மாதிரி. இந்திய உதவியில் தொடங்கியது. சுற்றுலாப் போலீஸுக்கு 1912. யாழ்ப்பாணத்திலேயே இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. இந்த எண்களை ஒரு அட்டையில் எழுதி நால்வர் சட்டைப்பையிலும் பர்ஸிலும் வைத்தோம். போனில் மட்டும் வைத்தால் சார்ஜ் போன நேரத்தில் உதவாது.

எங்களுக்கு நடந்த ஒரே விபத்தும் உடம்பு சம்பந்தப்பட்டதுதான். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலுக்குப் போக, குறிகட்டுவான் துறையில் படகு ஏற வேண்டும். கூட்டம். படகு ஆடுகிறது. பாயின் மனைவி கால் வைக்கும் நேரத்தில் படகு விலக, கணுக்கால் பிசகிவிட்டது. படகுக்காரப் பையன்கள் இரண்டு பேர் தாங்கிப் பிடித்து உட்கார வைத்தார்கள். ஒரு அம்மாள் தன் தண்ணீர்ப் போத்தலை ஊற்றித் துணி நனைத்துக் கட்டினார். அந்த அம்மாள் நெற்றி நிறைய விபூதி. பாய் மனைவி கறுப்பு புர்கா. இரண்டு மாதமாக நாங்கள் திட்டமிட்டது குண்டுக்கும் கலவரத்துக்கும். விழுந்தது படகுத் துறையில். பிடிப்பில்லாத பழைய செருப்பை வீட்டிலேயே மாற்றியிருந்தால் போதும்.

ஐந்தாவது, நடந்துகொள்ளும் முறை. புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுக்கக் கூடாது. கையில் புத்தர் படத்தைப் பச்சை குத்தியிருந்த ஒரு ஆங்கிலேயப் பெண்ணை 2014இல் விமான நிலையத்தில் இறங்கியதும் பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். ராணுவ முகாம்களைப் படம் எடுக்காதீர்கள். பலாலி விமான நிலையத்தைச் சுற்றியே ராணுவம்தான். பௌர்ணமி தினம் அங்கே போயா விடுமுறை, பல கடைகள் மூடியிருக்கும். நல்லூர்க் கந்தசாமி கோயிலுக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். நாம் மதித்தால் அவர்களும் மதிக்கிறார்கள். வெள்ளிக்கிழமை பாய் யாழ்ப்பாணத்தில் ஜும்மா தொழுகைக்குப் போனார். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வந்தார். சாப்பிட அழைத்துப் போய்விட்டார்களாம். சின்ன வயதில் ஒரு பையோடு ஊரை விட்டுப் போய், நரைத்த பிறகு திரும்பி வந்தவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாராம். அதற்கு மேல் பாய் ஒன்றும் சொல்லவில்லை.

நடத்தையில் நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் தங்கிய வீட்டை ஒரு அம்மாள் நடத்துகிறார். சுத்தமான வீடு, முற்றத்தில் மாமரம், காலையில் இடியப்பமும் சொதியும். இரண்டாம் நாள் மாலை, என்னமோ உரிமை வந்துவிட்டது போல, "சண்டை நேரத்துல நீங்க எங்கம்மா இருந்தீங்க? வீட்டுல யாருக்காவது..." என்று ஆரம்பித்துவிட்டேன். அவர் கையிலிருந்த தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "ஐயா, அதுகளைக் கதைச்சு என்ன செய்யிறது? தேத்தண்ணி ஆறப் போகுது, குடியுங்கோ" என்றார். என் மனைவி என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. பாதுகாப்பாகப் போய் வருவது என்றால் நம் பாதுகாப்பு மட்டும்தானா? நாம் போவதால் அவர்களுக்குக் காயம் படாமல் இருப்பதும் அதில் சேர்த்தி. அவர்களாகச் சொன்னால் கேட்கலாம். நாமாகக் கிளறக் கூடாது.

இதிலிருந்துதான் பலர் கேட்கும் இன்னொரு கேள்விக்கும் பதில். "நம்ம ஜனங்க செத்த மண்ணுல ஜாலியா சுத்தறதா?" என்று என்னோடு வேலை பார்த்த ஒருவர் கோபமாகவே கேட்டார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. முள்ளிவாய்க்காலை வேடிக்கை பார்க்கும் இடமாக்குவதில் எனக்கும் சம்மதமில்லை. அங்கே போவதானால் தலை குனிந்து போக வேண்டும், இல்லையென்றால் போகாமல் இருக்கலாம். ஆனால் நாம் போகாமல் இருப்பதால் யாருக்கு என்ன லாபம்? 2022இல் அவர்கள் திண்டாடியபோது நம் தமிழக அரசு கப்பலில் அரிசியும் பால் பவுடரும் மருந்தும் அனுப்பியது. நல்ல காரியம். ஆனால் அந்த வீட்டு அம்மாளுக்கு இலவச அரிசியைவிட, ஐந்து நாள் அறை வாடகை கொடுக்கும் விருந்தாளி கௌரவம். 2024இல் இலங்கைக்கு வந்த வெளிநாட்டார் 20 லட்சத்துக்கு மேல். அதில் இந்தியர் 4 லட்சத்துக்கு மேல், நாம்தான் முதலிடம். இவர்களில் எத்தனை பேர் வடக்கே போய்ப் பனங்கட்டியும் ஒடியல் மாவும் வாங்குகிறார்கள்? நம் பணம் தமிழ் ஆட்டோக்காரர் கைக்கும் போகட்டும். யாழ்ப்பாண நூலகத்தை 1981இல் எரித்தார்கள். பிறகு திரும்பக் கட்டினார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போய், பிள்ளைகள் குனிந்து படிப்பதைப் பார்த்தபோது, வந்தது சரிதான் என்று எனக்குத் தோன்றியது.

கடைசியாக, திரும்பும் வழி. சென்னையிலிருந்து பலாலிக்கு விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம்தான்; நம் ஊரிலிருந்து சென்னை போகவே அதைவிட அதிக நேரம் ஆகிறது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் 2023 அக்டோபரில் தொடங்கியது. ஆனால் கடலைப் பொறுத்து அது நிற்கும், ஓடும். கப்பலை மட்டும் நம்பிப் போகாதீர்கள். நாங்கள் ஒரு நாள் கூடுதலாகவும், இன்னொரு டிக்கெட் எடுக்கும் அளவு பணத்தைத் தனியாகவும் வைத்திருந்தோம். அந்தப் பணத்தைத் தொடவே இல்லை. இருந்தாலும் அது பையில் இருந்ததால்தான் ராத்திரி தூக்கம் வந்தது.

கிளம்பும் நாள் காலையில் அந்த வீட்டு அம்மாள் ஒரு பையில் பனங்கட்டி வைத்துக் கொடுத்தார். கொஞ்சம் தயங்கி நின்று, "ஐயா, உங்கட பக்கம்தானே வேலூர் ஆஸ்பத்திரி? முழங்கால் காட்ட வரவேணும் எண்டு மகன் சொல்லுறான். எனக்குத்தான் பயமாக் கிடக்கு. அங்க எங்கட ஆக்களுக்குப் பிரச்சினை ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். நேற்று வரை நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. இரண்டு நாள் முன்னால் நான் கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை. அவர் கேட்டதற்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும். "வாங்கம்மா" என்று உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினேன். தை, மாசியில் வாருங்கள், வெயிலுக்கு முன். ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட்டை முதலில் வாங்குங்கள். சென்னையிலிருந்து காட்பாடிக்குப் பகல் ரயிலில் வாருங்கள். இரவில் வேண்டாம். மாத்திரையை இரண்டு பங்காக வையுங்கள். கீழே என் போன் நம்பர். அப்புறம், நேரம் இருந்தால் பாலாற்றங்கரையில் முத்துமண்டபம் பாருங்கள் என்றும் எழுதினேன். கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை ஆங்கிலேயர் பிடித்துக் கொண்டுவந்து நம் வேலூர்க் கோட்டையில் வைத்திருந்தார்கள். 1832இல் இங்கேயே இறந்தான். அவன் சமாதி அங்கேதான் இருக்கிறது. அவன் வரும்போது யாரும் அவனைப் பயமா என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

போன வாரம் அந்த அம்மாளின் மகன் போன் செய்தார். பங்குனியில் வருகிறார்களாம். வெயில் ஆரம்பித்துவிடும், பரவாயில்லை. காட்பாடிக்கு நானும் பாயும் போய் அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறோம்.